ஊசி ஸ்க்ரூவைத் திரும்பப் போடுங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் சிலர் சேர்ந்து எனக்குப் போனில் படங்கள் அனுப்பியிருந்தீர்கள். எந்த ஸ்க்ரூ டிரைவர் செட் வாங்கலாம் அக்கா, முனையில் மாற்றி மாற்றி மாட்டும் பிட் நூற்றுச் சொச்சம் உள்ளது வேண்டுமா, சின்னது போதுமா என்று கேள்வி. உங்களில் ஒருவர் மட்டும், "பாதி பிட் என்னன்னே தெரியல, ஆயுசுக்கும் தொடப்போறதில்ல, எதுக்கு அதையெல்லாம் சுமக்கணும்?" என்று எழுதியிருந்தார். அவருக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கூட இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்று பேளுக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தோடு இருக்கிறேன். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்த்த கை, இப்போது சொட்டுநீர்க் குழாயைப் பழுது பார்க்கிறது. என்னிடம் யோசனை கேட்டால் நீளமாகத்தான் வரும். அவசரமாக இருப்பவர்கள் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம், அவர் விலை அதிகமானதைக் காட்டுவார்.

செட் வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீர்கள். பெட்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கையோடு இரண்டு பழைய ஸ்க்ரூவைக் கொண்டுபோங்கள். பிட்டை அதன் தலையில் வைத்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த செட் வேண்டாம், அது ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். அடுத்து, பிட்டைப் பிடிக்கும் தண்டு ஒல்லியாக, நீளமாக இருக்கிறதா பாருங்கள். நம் மெஷின்களில் ஸ்க்ரூ மேலாக இருக்காது, குழிக்குள் ஆழத்தில் கிடக்கும். தண்டு தடிமனாக இருந்தால் வாசலிலேயே நின்றுவிடும். பிட்டுகள் அவற்றின் இடத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். மலைப் பாதையில் ஜீப்பில் ஒரு நாள் போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கக் கூடாது.

இதெல்லாம் உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி இரண்டு வரிசையைப் பற்றி. மூன்று இறக்கை, ஐந்து இதழ், நடுவில் துளை விழுந்த ஆறு முனை என்று விநோதமாக இருக்குமே, நீங்கள் ஆயுசுக்கும் தொடப்போவதில்லை என்று நினைக்கிறீர்களே, அந்த வரிசை. அதை வாங்குகிறவர்களும் மெஷினைத் திறப்பதற்காக வாங்குகிறார்கள். மூடுவதற்காக வாங்குங்கள் என்கிறேன் நான். ஏன் என்று சொல்கிறேன்.

கொரோனா ஓய்ந்த சமயத்தில் ஆக்சிஜன் மெஷின்கள் ஊர் ஊராக வந்து இறங்கின. அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மெஷின். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்துச் சரக்கு. தொற்று அடங்கிய பிறகு அவை சும்மா நிற்கவில்லை. நுரையீரல் கெட்டுப்போய் வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு, மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அவற்றை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். கொல்லிமலையில் தலைமுறை தலைமுறையாக விறகுப் புகையில் இருமியவர்கள் பலருக்கு அது பெரிய ஆறுதல். டாக்டரைப் பார்க்க நடக்க முடியாதவர்கள் கட்டிலில் இருந்தபடியே மூச்சு விட்டார்கள்.

அந்த மெஷின்களின் மூடியில் இருந்த ஸ்க்ரூதான் சங்கடம். ஆறு முனைப் பள்ளம், அதன் நடுவில் ஒரு சின்ன ஊசி நிற்கும். சாதாரண பிட் உள்ளே போகாது, ஊசி தடுக்கும். நடுவில் துளை உள்ள பிட் வேண்டும். நாங்கள் அதற்கு ஊசி ஸ்க்ரூ என்றே பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பிட் அப்போது எங்கள் யாரிடமும் இல்லை. எனவே குறட்டால் பிடித்துத் திருகுவோம், இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடால் தலையில் கோடு கிழித்துத் திருப்புவோம், ஊசியைத் தட்டி உடைப்போம். ஒருமுறை இப்படித் திறந்த பிறகு அதே ஸ்க்ரூவை யாராவது திரும்பப் போடுவார்களா? தலையில் கூட்டல் குறி உள்ள சாதாரண ஸ்டார் ஸ்க்ரூவைப் போட்டு மூடிவிடுவோம். அடுத்து வருகிறவனுக்குச் சிரமம் இருக்காது என்பது கணக்கு. எங்கள் வட்டாரத்தில் அது ஒரு மரியாதையாகவே பழகிவிட்டது. ஊசி ஸ்க்ரூவை அப்படியே விட்டுவைத்தவனை, "நமக்குன்னே வெச்சிட்டுப் போயிருக்கான் பாரு" என்று திட்டுவோம்.

எனக்கு முன்பு மலையைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நான் வேலை கற்றுக்கொண்டது அவரிடம்தான். மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே எது இளைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிடி ஸ்டார் ஸ்க்ரூ கிடக்கும். மலையில் அவர் கை படாத ஆக்சிஜன் மெஷின் இல்லை. ஓய்வு பெறும்போது என்னிடம், "அம்மிணி, எல்லாத்தையும் மாத்திப்போட்டேன். உனக்கு ஒரே ஒரு ஸ்டார் டிரைவர் போதும், வேற ஒண்ணும் தூக்கிட்டு அலையாத" என்றார். எனக்கு சந்தோஷமாக இருந்தது. ஆனால் பழக்க தோஷம், ஒரு பெரிய செட்டை நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். துளை பிட் உட்பட எல்லாம் அதில் இருந்தன. தொடாமலே கிடந்தன.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பஸ்ஸில் இறங்கி நடந்து, மலையில் திண்ணனூர் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்துப் பக்கம் போயிருந்தேன். கூட கிராம செவிலியர் ஸ்டெல்லா. திருச்சிப் பக்கத்துப் பெண். மலைக்கு மாற்றலானபோது அழுதுகொண்டே வந்தவள், பிறகு மாற்றல் கேட்கவே இல்லை. அன்றைக்கு நான்கைந்து வீடுகளில் மெஷின்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். மூன்றாவதாகப் போனது வெள்ளையன் வீடு. மிளகும் காப்பியும் வைத்திருக்கும் குடும்பம். அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. மனைவி பொன்னி, மகன் தர்மன். தர்மன் வாடகை ஜீப் ஓட்டுகிறவன். அன்று மழை என்பதால் வீட்டிலேயே இருந்தான்.

"வாங்க மேடம். மெஷினு இப்ப நல்லா ஓடுதுங்க, சத்தமே இல்லீங்க" என்றாள் பொன்னி.

மெஷின் ஓடத்தான் செய்தது. வெள்ளையன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஸ்டெல்லா கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். அவள் விரலில் மாட்டும் கருவியை மாட்டினாள். அதைப் பார்த்துவிட்டு, கருவி தவறாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு விரலில் மாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நம் வேலையில் நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள்.

மெஷினின் பிளக் தளர்ந்திருந்தது. சரியாகச் செருகலாம் என்று பிடுங்கினேன். பிடுங்கியதும் அது கத்த வேண்டும். கரண்ட் போனாலும் கத்தும், ஆக்சிஜனின் தரம் குறைந்தாலும் கத்தும். அந்த மெஷினுக்கு இருக்கும் ஒரே வாய் அதுதான். அது கத்தவில்லை. வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நான்கும் ஸ்டார் ஸ்க்ரூ. தலையில் புதுக் கீறல். பிளக்கைத் திரும்பச் செருகி, குழாயின் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருக்க வேண்டிய தரத்தில் பாதி கூட இல்லை. அந்த மனிதர் ஆக்சிஜன் என்று நம்பி, அறைக் காற்றைவிடக் கொஞ்சம் மேலான ஏதோ ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இதை யாருங்க தொறந்தது?" என்றேன்.

தர்மன் சுவரைப் பார்த்தான்.

"நாந்தானுங்க சொன்னேன்" என்றாள் பொன்னி. "எந்நேரமும் கத்தீட்டே இருந்துச்சுங்க. அது கத்துனா இவருக்குக் கையுங் காலும் வெடவெடன்னு வந்துரும். போயிருவேன் போயிருவேன்னு என் கையப் புடிச்சுக்குவாரு. மொதல்ல வந்த சாரு, கரண்ட் கம்மியா வந்தா அழுவும், பயப்படாதீங்கன்னு சொல்லீருந்தாருங்க. செரி, கரண்ட்டுதானேன்னு..."

"நான்தானுங்க தொறந்தேன்" என்றான் தர்மன். "ஜீப்புல ஸ்டார் டிரைவர் இருந்துச்சு. நாலு ஸ்க்ரூ. அந்த ஊதுற ஒயரை மட்டும் அத்து உட்டேன். வேறெதையும் தொடலீங்க."

தர்மன் அப்பாவை வெறுத்த பிள்ளை அல்ல. அப்பா நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று செய்தான். வெறுப்பில் செய்திருந்தால் எனக்கு அந்த இடத்தில் அவ்வளவு வலித்திருக்காது.

இனி நான் சொல்வதைக் கவனியுங்கள், ஏனென்றால் நீங்கள் இப்படி ஓர் இடத்தில் நிற்கும்போது யோசிக்க அவகாசம் இருக்காது. ஸ்டெல்லா, "ஜீப்லயே ஏத்திட்டுப் போயிடலாம்க்கா, வெளிய நிக்குதே" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனால் ஆம்புலன்ஸ் வர முடியாத அந்தச் சந்துப் பாதையில், மழையில், ஆக்சிஜன் இல்லாமல் அவரைக் கொண்டுபோவது நல்லதில்லை. வீட்டில் இருந்த சின்ன சிலிண்டர், கரண்ட் போன நாட்களில் தீர்ந்து காலியாகக் கிடந்தது. மெஷினோ ஜீப்பில் ஓடாது. இன்னொரு பக்கம் என் கை பெட்டிக்குப் போய்விட்டது. நம் ஆட்களின் குணம் அது. பழுது என்று கேட்டால் திறக்கத்தான் கை போகும். திறந்து, பழுது பிடிபடாமல் போனால்? திறந்த மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேனா?

பெட்டியைத் தள்ளி வைத்தேன். முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னேன். பிறகு ஓட்டத்தின் அளவைக் குறைத்தேன். பொன்னி பதறினாள், "ஏனுங்க, கொறைக்கறீங்களே" என்றாள். இளைத்துப்போன மெஷினிடம் அதிகம் கேட்டால் அது வெறும் காற்றைக் கலந்து கொடுத்துவிடும். கொஞ்சமாகக் கேட்டால் கொடுப்பதை ஓரளவு நல்லதாகக் கொடுக்கும். மீட்டரில் தரம் மெல்ல ஏறியது. போதாது, ஆனால் ஏறியது.

அடுத்து தர்மனைக் கூப்பிட்டேன். "நீ ஜீப்ப எடுத்துட்டு ஹாஸ்பிட்டலுக்குப் போ. ஸ்டெல்லா போன் பண்ணிச் சொல்லுவா. நெறஞ்ச சிலிண்டர் குடுப்பாங்க. வாங்கிட்டு வா" என்றேன்.

அவன் நகரவில்லை. "நான் அப்பாகிட்ட இருக்கறனுங்க. வேற யாரையாச்சும் அனுப்புங்க."

"வேற யாருக்குடா இந்த ரோட்டுல இந்த மழையில ஓட்டத் தெரியும்?"

"நான் பண்ணுன தப்புக்கு என்னைய வெளிய அனுப்பறீங்களா மேடம்?"

அவனைத் தண்டிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு துளியும் இல்லை. அவனை விட்டால் அந்த வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் அவன் கண்ணால் பார்த்தால் அது தண்டனைதான். கட்டிலில் இருந்து வெள்ளையன் கையை லேசாக அசைத்தார். போ என்றாரா, வேண்டாம் என்றாரா, எனக்குத் தெரியவில்லை. தர்மன் அதைப் போ என்று எடுத்துக்கொண்டான். வண்டிச் சத்தம் வளைவில் மறையும் வரைக்கும் பொன்னி வாசலிலேயே நின்றாள்.

வரவேண்டிய உதவி கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மூடியில் கை வைத்தேன். அதற்கு முன்பு ஒரு வேலை செய்தேன். திறந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "நான் கையைத் தூக்கினா நீங்க எந்த நெலமையில இருந்தாலும் ஓட விட்டுறணும்" என்றாள். சரி என்றேன். பழுதுக்காரி தன் வேலைக்குத் தானே எல்லை போடக் கூடாது, வேலை சுவாரசியத்தில் மறந்துவிடுவாள். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் போட வேண்டும்.

உள்ளே இரண்டு விஷயம் இருந்தது. காற்று இழுக்கும் வடிகட்டி அடுப்புப் புகையில் கரியாகிப் போயிருந்தது. ஆரம்பத்தில் மெஷின் கத்தியது அதனால்தான், கரண்ட்டால் அல்ல. தரம் குறைகிறது, பாருங்கள் என்று அது ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. மற்றது, தர்மன் மூடியைத் திரும்ப வைத்தபோது உள்ளே ஒரு ரப்பர் குழாய் மூடியின் ஓரத்தில் மாட்டி நசுங்கியிருந்தது. வேறெதையும் தொடவில்லை என்று அவன் சொன்னது உண்மை. தொட்டது அவனுக்கே தெரியாது. மூடியை வைக்கும்போது அந்தக் குழாயை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும் என்று மெஷினைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் அந்த ஊசி ஸ்க்ரூவைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தெரியாதவர் கை உள்ளே வரக் கூடாது என்பதற்காக. நமக்குத் தொல்லை கொடுப்பதற்காக அல்ல.

குழாயை விடுவித்து, வடிகட்டியை மாற்றி, அறுத்த ஒயரைச் சேர்த்து ஓட விட்டேன். ஸ்டெல்லா கையைத் தூக்கவில்லை, ஆனால் பாதி தூக்கியிருந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் கத்தியது. தரம் ஏறும் வரைக்கும் கத்தத்தான் செய்யும். ஒயர் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

வெள்ளையனுக்குக் கண் முழுக்கத் திறந்துவிட்டது. பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

"அதை மட்டும் நிறுத்தீருங்க சாமி" என்றாள் பொன்னி. "உங்களுக்குப் புண்ணியமாப் போகுங்க. அவரு பயந்தே செத்துருவாருங்க."

நிறுத்த முடியும். ஒரு பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் அடங்கும். அழுத்த எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பது கொடுமை. ஆனால் இன்றைக்கு நான் அடக்கிக் காட்டினால், அடக்கலாம் என்று நானே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, இங்க பாருங்க. அது உங்களை மெரட்டலீங்க. எங்களைத்தான் கூப்புடுது. எங்க போயித் தொலஞ்சீங்க, வாங்கடீன்னு எங்களை வையுது. இப்ப வந்துட்டோம்ல. அதுக்கு இன்னும் நம்பிக்கை வரல, அதான் வையுது. கொஞ்ச நேரம் வையட்டும்."

அவர் என்னையே பார்த்தார். புரிந்ததா தெரியாது. மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா அவர் முதுகைத் தடவிக்கொண்டே மூச்சை எண்ணினாள். நான் மீட்டரைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சத்தம் தானாக நின்றது. பொன்னி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

தர்மன் சிலிண்டரோடு வந்து சேர்ந்தான். வண்டியை விட்டு இறங்காமலே என்னைப் பார்த்தான். "இருக்காரு, வா" என்றேன். அதன் பிறகுதான் இறங்கினான். சிலிண்டரை மாட்டி, அவரை ஜீப்பில் சாய்த்து உட்கார வைத்து சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். வெள்ளையன் சில நாட்களில் வீட்டுக்குத் திரும்பினார். அவர் உள்ளே இருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் தர்மனிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒயரை மட்டும் அல்ல, குழாயையும் நீதான் நசுக்கினாய் என்று சொன்னேன். மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் அவன் அடுத்த முறையும் டிரைவரை எடுப்பான். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அவ்வளவு டேஞ்சர்னா, ஏனுங்க மேடம், தொறக்கற மாதிரி வெச்சிருந்தீங்க?"

அதற்குத்தான் நான் பதில் தேடிக்கொண்டு மலைக்குத் திரும்பினேன்.

என் குருநாதருக்குப் போன் செய்தேன். கோபப்படத்தான் போனை எடுத்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தபோது கோபம் போய்விட்டது. "அடுத்து வர்றவனுக்குச் செரமம் வேண்டாம்னுதானே அம்மிணி மாத்துனேன்" என்றார். தெரியும் அண்ணா என்றேன். "அடுத்து வர்றவன் நம்ம ஆளாத்தான் இருப்பான்னு நெனச்சுட்டேன்" என்றார். எங்கள் தொழிலே அப்படித்தான் நினைத்தது. ஒரு மெஷினை நமக்குப் பிறகு தொடப்போவது நம்மைப் போன்ற இன்னொரு பழுதுக்காரன்தான் என்று. வீட்டில் இருக்கும் மெஷினைத் தினமும் தொடுகிறவர்கள் பயந்துபோன பெண்டாட்டியும் பிள்ளையும்தான் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர் இரண்டே நாளில் முதல் பஸ் பிடித்து மலை ஏறி வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு டப்பா. கழற்றிய ஊசி ஸ்க்ரூக்களில் சேதமில்லாதவற்றை அவர் எறியாமல் வைத்திருந்தார். உடைந்தவற்றுக்குப் பதில் சேலத்தில் புதிதாக வாங்கிச் சேர்த்திருந்தார். "உன்கிட்ட அந்தத் துளை பிட் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்.

வீடு வீடாகப் போனோம். தர்மன்தான் ஜீப் ஓட்டினான். காசு வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டு, கடைசியில் டீசலுக்கு மட்டும் ஒத்துக்கொண்டான். பெரும்பாலான வீடுகளில் மெஷின்களை யாரும் தொட்டிருக்கவில்லை. அண்ணா தன் ஸ்டார் டிரைவரால் ஸ்டார் ஸ்க்ரூவைக் கழற்ற, நான் ஊசி ஸ்க்ரூவைப் போட்டேன். சத்தம் வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று மெஷின் மேலேயே எழுதி ஒட்டினோம். அந்தச் செட்டில் வேறு எந்தப் பிட்டையும் அந்த நாட்களில் நான் எடுக்கவில்லை. ஒரே ஒரு பிட். நீங்கள் சுமை என்று சொல்கிறீர்களே, அதில் ஒன்று.

கடைசியாகப் போனது புளியஞ்சோலைப் பக்கம் சரியும் ஒரு ஊர். நடந்துதான் இறங்க வேண்டும். எங்களைப் பார்த்ததும் ராசம்மா என்கிற பெண் வெளியே வந்து, பாய் விரித்து, காப்பி கொடுத்தாள். மெஷின் அவளுடைய அம்மாவுக்காகக் கொடுத்தது. அதன் மேல் துவைத்த துணி போர்த்தி, மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. அம்மா சில வாரங்களுக்கு முன்பு போய்விட்டாள் என்றும், மழை விட்டதும் மெஷினைக் கொண்டுவந்து ஒப்படைக்க இருந்ததாகவும் ராசம்மா சொன்னாள்.

"நல்ல மெஷினுங்க. மொதல்ல கொஞ்ச நாளு கத்தீட்டே இருந்துச்சு. எங்க பெரியப்பா பையன் தொறந்து என்னமோ பண்ணி உட்டாருங்க. அதுக்குப் பொறவு ஒரு சத்தம் இல்லீங்க. அம்மா தூக்கத்துலயே போனாங்க. செரமமே படலீங்க."

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணா மெஷினின் மூடியைப் பார்த்தார். நான்கு ஸ்டார் ஸ்க்ரூ, அவர் போட்டவை. அந்த அம்மாளின் நுரையீரலும் கடைசிக் கட்டத்தில்தான் இருந்தது. மெஷின்தான் காரணம் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

அண்ணா வாயைத் திறந்தார். அவர் உண்மையைச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். தர்மனிடம் உண்மையைச் சொல்ல ஒரு காரணம் இருந்தது, காப்பாற்ற ஓர் உயிர் இருந்தது. இங்கே அம்மா நிம்மதியாகப் போனாள் என்பது ஒன்றுதான் அந்தப் பெண்ணிடம் மிச்சம் இருந்தது. அதைப் பிடுங்கினால் அண்ணாவின் மனம் லேசாகும், அவளுடைய மனம் என்ன ஆகும்? நான் செய்தது சரியா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. உங்களிடம் சரி என்று சொல்லிக் கொடுக்கவும் மாட்டேன். நீங்கள் அந்த இடத்துக்கே வராமல் இருக்க வழி உண்டு. எந்த மெஷினைத் திறந்தாலும், அது எப்படி மூடியிருந்ததோ அப்படியே மூடிவிட்டு வாருங்கள். அதற்கான பிட் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

ராசம்மா அண்ணாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதானுங்களே சார் மொதல்ல வந்து சரி பண்ணிக் குடுத்தது? அம்மா உங்களைச் சொல்லீட்டே இருப்பாங்க" என்றாள். பிறகு மெஷின் மேலிருந்த துணியை எடுத்து மடித்தாள். "ராசியான மெஷினுங்க. எங்கம்மாளாட்டம் செரமப்படற ஊட்டுக்காப் பாத்துக் குடுங்க."

"செரி கண்ணு" என்றார் அவர்.